நிலம் நிற்கும், பெயர் மாறும்: நில, நீதிமன்ற ஆவணங்களின்வழி முன்னோரைத் தேடுதல்

குடும்ப மரம் வரைந்து வருமாறு தமிழ்ப்பள்ளி மாணவரிடம் கேட்டால், பெரும்பாலான மரங்கள் பாட்டன் பெயரோடு நின்றுவிடுகின்றன. சில மட்டும் பூட்டன் வரை செல்கின்றன. அதற்கு மேலே ‘ஊரிலிருந்து வந்தவர்’ என்ற ஒற்றைத் தொடர் எழுதப்பட்டிருக்கும். நம்மிடம் ஆவணங்கள் இல்லை, ஆகவே நம் முன்னோரை அறிய வழியில்லை என்று ஆசிரியரும் மாணவரும் எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் முழுதும் சரியன்று. பினாங்கிலும் தமிழகத்திலும் இலங்கையிலும் நிலத்தையும் வழக்கையும் பற்றிய ஆவணங்கள் பெருமளவில் எஞ்சியுள்ளன. அவற்றில் நம் முன்னோர் சிலரும் இருக்கின்றனர். அவர்களை அடையாளம் காண்பதுதான் கடினம். நமக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. தலைமுறைதோறும் பெயர் மாறுகிறது. மாறும் அப்பெயரையும் அயல்மொழி எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதி வைத்தனர்.

ஆகவே இத்தேடலுக்கு ஓர் அடிப்படை நெறி வேண்டும். பெயரைப் பின்தொடர்வதற்கு முன் நிலத்தைப் பின்தொடர வேண்டும் என்பதே அந்நெறி. பெயர் மாறினாலும் மனையும் வயலும் இடம் பெயர்வதில்லை. அந்த மண்துண்டைக் கையாண்டவர்களை வரிசைப்படுத்தினால் குடும்பம் தானே வெளிப்படும். இந்நெறியை விளக்குவதும், அதில் மொழியறிவுக்கு உள்ள பங்கைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1. இங்கிலாந்து தரும் பாடம்

குடும்பப் பெயர் இல்லாத சமூகத்தில் முன்னோரைத் தேடுவது நமக்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. 12, 13ஆம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்திலும் பெரும்பாலோர்க்கு நிலைத்த குடும்பப் பெயர் இல்லை. இன்னாரின் மகன் இன்னார், இன்ன ஊரினர், இன்ன தொழிலினர் என்றே ஆவணங்கள் அவர்களைக் குறித்தன. தந்தை ஓர் ஊரின் பெயராலும் மகன் வேறோர் ஊரின் பெயராலும் குறிக்கப்படுவதும் உண்டு. எனினும் இன்று ஆங்கிலேயக் குடும்பங்கள் சிலவற்றை அக்காலம் வரை தொடர முடிகிறது. அதற்குக் காரணம் நிலம் பற்றிய நீதிமன்ற ஆவணங்களே.

அவற்றுள் ஒருவகை, நிலம் கைமாறியபோது அரச நீதிமன்றத்தில் எழுதப்பட்ட இறுதி உடன்படிக்கை. ஒரே தோலில் அது மூன்று படிகளாக எழுதப்பட்டு, வளைந்த கோட்டில் வெட்டிப் பிரிக்கப்பட்டது. இரண்டு படிகளை இரு தரப்பினரும் பெற்றனர். அடிப்பகுதியிலிருந்த மூன்றாம் படி நீதிமன்றத்தில் தங்கியது. போலிப் படி எதுவும் அந்த வளைவில் பொருந்தாது. 1195 முதல் 1833 வரை இவ்வடிப்படிகள் தொடர்ந்து காக்கப்பட்டன.

மற்றொரு வகை இறப்பின்பின் நிகழ்ந்த விசாரணை. மன்னனிடமிருந்து நேரே நிலம் பெற்றிருந்தவர் இறந்தால், உள்ளூர்ச் சான்றோர் ஆணையிட்டு நான்கு செய்திகளைக் கூறினர்: அவர் எந்நிலம் வைத்திருந்தார், எந்நாளில் இறந்தார், வாரிசு யார், அவருக்கு வயது என்ன. எளிய உழவரும் விடுபட்டுவிடவில்லை. பண்ணை நீதிமன்றச் சுருள்களில், தந்தை இறந்தபின் மகன் வந்து அதே நிலத்தை ஏற்றுக்கொண்ட செய்தி பதிவாகும்.

இவ்வாவணங்கள் எவையும் குடும்ப வரலாற்றை எழுதும் நோக்கில் தோன்றியவை அல்ல. வரி, உரிமை, வழக்கு ஆகியவற்றுக்காகத் தோன்றியவை. சொத்து கைமாறும்போது மட்டும் குடும்பம் அவற்றில் தலைகாட்டுகிறது. இவ்வுண்மையை நினைவிற்கொண்டு நம் மரபுக்குத் திரும்புவோம்.

2. தமிழ் ஆவண மரபு

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒருவரின் பெயர் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. நாடு, ஊர், தந்தை பெயர், தன் பெயர், பட்டம் என அது ஒரு தொடராகவே அமைகிறது. ‘உடையான்’, ‘கிழவன்’ முதலிய சொற்கள் ஊரோடு அவருக்கிருந்த உரிமையைச் சுட்டுகின்றன. இவ்வகையில் பெயரே ஒரு சிறு ஆவணம் எனலாம். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் மக்கட்பெயர்களைத் தொகுத்து 1978இல் வெளியிட்ட பெயரடைவு, இத்தொடர்களின் அமைப்பை ஆராய்வோர்க்கு இன்றும் கைவிளக்காக உள்ளது.

கல்வெட்டிலும் ஓலையிலும் பிற்காலப் பத்திரத்திலும் மாறாது வரும் மற்றொரு கூறு நான்கெல்லை. கிழக்கே இன்னார் நிலத்துக்கு மேற்கு, தெற்கே வாய்க்காலுக்கு வடக்கு என்றவாறு நிலத்தின் நாற்புறமும் கூறப்படும். எல்லையில் பெயர் வரும் அண்டை நிலத்தார் விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர். ஆயினும் அந்நாளில் அவர் அங்கு நிலம் வைத்திருந்தார் என்பதற்கு அதுவே சான்று. தம் பெயரில் ஒரு பத்திரமும் எஞ்சாத ஒருவரை அண்டை வீட்டாரின் பத்திரத்தில் காணலாம். ஆகவே பத்திரத்தைப் படிப்போர் எல்லைப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடலாகாது.

தமிழகத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரித் திட்டப் பதிவேடுகளும், 1858 முதல் நடைபெற்ற இனாம் விசாரணையின் பதிவேடுகளும், பத்திரப் பதிவும் ஏற்பட்டன. இனாம் பதிவேட்டில், நிலம் முதலில் யாருக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது, அதன்பின் யார் யார் அனுபவித்தனர் என்ற விவரம் உண்டு. அதனால் ஒரே பக்கத்தில் சில தலைமுறைகள் கிடைப்பதும் உண்டு. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகிய சொற்கள் இன்றும் வழக்கில் உள்ளன. இவற்றின் பொருளை அறியாமல் ஊருக்குச் சென்று தேடுவது வீண்செலவாகும்.

3. பினாங்கில் எஞ்சியவை

1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். காட்டை அழித்துத் திருத்தியவர்க்கு நிலம் வழங்கும் முறையை அவர் பின்பற்றினார். பின்னர் அவ்வுரிமைகள் எழுத்தில் பதிவாயின. நம்மவர் நாவில் இன்றும் ‘கிராண்ட்’ என வழங்கும் சொல் அக்காலத்து நிலக்கொடைப் பத்திரத்தின் எச்சமே.

தமிழர் பெயர் தாங்கிய முற்பட்ட நிலக்கொடைகளுள் இரண்டு 1801ஆம் ஆண்டைச் சார்ந்தவை. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகரும் சூலியா மக்களின் தலைவருமான காதர் முகையதீனிடம் பள்ளிவாசலுக்கென நிலம் வழங்கப்பட்டது. இன்றைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதன் வழி வந்தது. குயின் தெருவில் கோயிலுக்கான நிலம் அதே ஆண்டில் வழங்கப்பட்டதாகவும், அதைப் பெற்றவர் பெயர் ‘பெட்டி லிங்கம் செட்டி’ என்றும் மகாமாரியம்மன் ஆலய வரலாறு கூறுகிறது. இப்பெயருக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

நிலத்தை அடுத்து நீதிமன்றம். 1807ஆம் ஆண்டு அரச சாசனத்தால் பினாங்கில் நீதிமன்றம் நிறுவப்பட்டு அடுத்த ஆண்டு செயற்படத் தொடங்கியது. உயில்களை மெய்ப்பித்தலும், உயிலின்றி இறந்தோரின் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரம் வழங்கலும் அதன் பணிகளுள் அடங்கின. உயில் ஒன்றில் மனைவி, மக்கள், உடன்பிறந்தார், கடன்பட்டோர், கடன் கொடுத்தோர், சாட்சிகள் என ஒரு குடும்பமும் அதன் சூழலும் முழுமையாகக் காட்சி தரும். 1808 முதலான முதன்மை வழக்குகளின் தீர்ப்புகளைத் திரட்டி நார்ட்டன் கைஷே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சிட்டார். அத்தொகுதிகளில் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் வழக்குகளும் இடம்பெறுகின்றன.

அறக்கொடைகளும் இவ்வகையில் உதவும். பள்ளிவாசல், கோயில் சொத்துகளின் நிர்வாகம் குறித்து எழுந்த குறைபாடுகளின் விளைவாக, 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முகம்மதிய, இந்து அறக்கட்டளை வாரியம் அமைந்தது. கொடையாளி யார், பொறுப்பாளர் யார், அவர்தம் வழித்தோன்றல் யார் என்ற வினாக்கள் இத்தகைய நிர்வாகங்களில் இயல்பாகவே எழுந்தன. வினா எழுந்த இடமெல்லாம் விடையும் எழுதப்பட்டது. கம்பெனிக் காலத்து நிர்வாகக் குறிப்புகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றின் நுண்படச் சுருள்களை நம் நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில் காணலாம். கூ சல்மா நசுத்தியோன் 2014இல் வெளியிட்ட பினாங்குச் சூலியா மக்கள் பற்றிய பெருநூல், இத்தகைய ஆவணங்களிலிருந்து ஒரு சமூகத்தின் வரலாற்றையே எடுத்து நிறுத்த முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

4. பெயர் என்னும் பூட்டு

ஆவணம் கிடைத்தாலும் பெயர் கிடைப்பதில்லை. இங்கேதான் மொழியியல் துணைக்கு வருகிறது.

முதலாவது, ஒலிமாற்றம். தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கேற்ப ஒலிப்புடைய ஒலியாகவும் ஒலிப்பிலா ஒலியாகவும் வருவன. ஆங்கில எழுத்தரோ ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆதலால் ஒரே மனிதர் ஒரு பத்திரத்தில் ஓர் எழுத்தாலும் மற்றொன்றில் வேறோர் எழுத்தாலும் தொடங்குவார். தமிழ் ழகரம் லகரமாகவும் யகரமாகவும் ரகரமாகவும் திரியும். முகையதீன் என்னும் பெயர் மொகுதீன், மொய்தீன், மைதீன் எனவும், நெய்னா என்பது நைனா, நீனா எனவும், மரைக்காயர் என்பது மரைக்கார், மெரிக்கன் எனவும் பதிவாகும். ‘மெரிக்கன்’ எனும் பெயரைக் கண்டு அமெரிக்கத் தொடர்பைத் தேடுவோர் ஏமாறுவர். தமிழ்க் கடற்கரையின் கப்பல் வணிகரான மரைக்காயரே அப்பெயரில் உறைகின்றனர்.

இனி ‘பெட்டி லிங்கம்’ என்பதைப் பார்ப்போம். ‘பெட்டி’ என்று தொடங்கும் ஆட்பெயர் தமிழில் இயல்பாக இல்லை. அயலெழுத்தில் முதல் வகரம் பகரமாகத் திரிவதும், ஐகாரம் எகரமாகக் குறுகுவதும், பல்லொலியான தகர இரட்டை ஆங்கிலச் செவிக்கு டகரம்போல் கேட்பதும் உண்டு. இம்மூன்றையும் பொருத்தினால் வைத்திலிங்கம் என்னும் பழகிய பெயர் கிடைக்கிறது. இது வலுவான கருத்தாயினும் முடிவன்று. ‘வெற்றிலிங்கம்’ என்ற பெயரும் ஒலியளவில் பொருந்தும். அவர் தமிழில் இட்ட கையொப்பம் ஒன்று கிடைத்தால் மட்டுமே ஐயம் தீரும். இங்கே ஒரு பொதுவிதி பெறப்படுகிறது: ஒலியியல் வழியைத் திறக்கும், மெய்ப்பிப்பது ஆவணமே. ஆங்கிலப் பத்திரத்தின் அடியில் தமிழிலோ அரபுத்தமிழிலோ இட்ட கையொப்பம் இருக்குமாயின், பத்திரத்தின் உடலைவிட அதுவே மதிப்புமிக்கது.

இரண்டாவது, பெயர்ச் சுழற்சி. பாட்டன் பெயரை மகன் வழி மகனுக்கு இடுவது நம் மரபு. ‘பெயரன்’ என்ற உறவுச்சொல்லே இதற்குச் சான்று. அதனால் கந்தன் மகன் முருகன், முருகன் மகன் கந்தன் எனப் பெயர்கள் மாறிமாறி வரும். 50, 60 ஆண்டு இடைவெளியுள்ள இரு பத்திரங்களில் ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் காணப்பட்டால், இருவரும் ஒருவரே எனக் கொள்வது பிழையாகும். அவர்கள் பாட்டனும் பெயரனுமாக இருத்தல் கூடும். ஆண்டு, தொழில், எல்லை, சாட்சி ஆகியவற்றை ஒப்புநோக்கியே பிரித்தறிய வேண்டும்.

மூன்றாவது, முன்னெழுத்து. நகரத்தார் தம் பெயருக்கு முன் இடும் ‘விலாசம்’ பல தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துகளைத் தாங்குவது. தண்ணீர்மலைக் கோயிலால் பினாங்கில் தடம் பதித்த நகரத்தார், முகவர்களைக் கொண்டு கடல்கடந்து தொழில் நடத்தினர். அவர்தம் பத்திரத்தில் முதலாளியின் விலாசமும் முகவரின் பெயரும் அருகருகே வரும். முகவரை முதலாளியாகப் படித்துவிட்டால் ஒருவர் முன்னோரை மற்றொருவர்க்கு உரிமையாக்கிவிடுவோம்.

நான்காவது, ஊர்ப்பெயர். பரங்கிப்பேட்டை போர்ட்டோ நோவோ எனவும், தரங்கம்பாடி திரங்குபார் எனவும் எழுதப்பட்டன. ஊரை அறிந்தால் அடுத்து எந்த அரசின் ஆவணங்களைத் தேடுவது என்பதும் தெளிவாகும். தரங்கம்பாடி 1845 வரை டேனியரிடமும், நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை ஒல்லாந்தரிடமும், காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரரிடமும் இருந்தன.

5. பெண்வழி

ஆண்வழி மட்டும் தேடினால் குடும்பத்தின் பாதியை இழப்போம். இஸ்லாமிய வாரிசுரிமையில் மனைவிக்கும் மகளுக்கும் பங்கு உண்டு. ஆகவே முஸ்லிம் குடும்ப வழக்குகளில் பெண்கள் தம் பெயராலேயே தோன்றுகின்றனர். பினாங்கின் பெருவணிகர் முகம்மது நூர்தீன் மரைக்காயரின் உயில் பற்றி 1871இல் முடிவான வழக்கு, சட்டநூல்களில் ‘பாத்திமா எதிர் லோகன்’ என்றே வழங்குகிறது. அவ்வுயிலை எந்தச் சட்டத்தால் அளப்பது என்ற வினாவுக்காக அவ்வழக்கைச் சட்ட மாணவர் படிக்கின்றனர். குடும்ப வரலாற்று மாணவர் அதன் தலைப்பையே முதலில் படித்தல் வேண்டும். வழக்குத் தொடுத்தவராக அங்கே நிற்பவர் ஒரு பெண்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர்க்கு மற்றொரு வழி உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் நிலத்துக்கும் ஆட்களுக்கும் ‘தோம்பு’ என்னும் பதிவேடுகள் எழுதப்பட்டன. யாழ்ப்பாணத்து வழக்காறுகள் 1707இல் தேசவழமை எனத் தொகுக்கப்பட்டன. அம்மரபில் முதுசம் வேறு, சீதனம் வேறு. தாயின் சீதனம் மகளுக்குச் செல்லும் போக்கு அங்கு வலுவாக இருந்தது. அதனால் சீதன உறுதிகளைத் தொடர்ந்து படித்தால் தாய், பாட்டி, பூட்டி எனப் பெண்வழி வெளிப்படும். காணிக்குத் தனிப்பெயர் இருப்பதும் யாழ்ப்பாண உறுதிகளின் சிறப்பு. குடும்பத்தார் பெயரை மறந்திருந்தாலும் காணியின் பெயரை நினைவிற்கொண்டிருப்பர். அச்சொல்லையே திறவுகோலாகக் கொள்க.

6. நிலமற்றோர்

மலேசியத் தமிழருள் பெரும்பாலோர் நிலம் பெற வந்தவர் அல்லர், பிறர் நிலத்தில் உழைக்க வந்தவர். அவர்தம் வழித்தோன்றலுக்கு இம்முறை பயன்படுமா என்ற கேள்வி எழுவது நியாயமே. நில ஆவணம் உடைமையாளரின் ஆவணம். உழைத்தவரைப் பற்றி அது பெரும்பாலும் மௌனம் காக்கிறது. இம்மௌனத்தை மறைத்து முன்னோர் தேடலைப் பெருமைக்குரிய பொழுதுபோக்காக ஆக்குவது தவறு.

எனினும் இவர்களுக்கும் இரு வழிகள் உள. நிலப் பதிவேட்டில் இல்லாதவர் நீதிமன்றப் பதிவேட்டில் தோன்றுவதுண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் பணியை விட்டு நீங்குவது அன்று தண்டனைக்குரிய குற்றம். அதனால் அவர்களில் பலர் நடுவர்மன்றங்களில் நிறுத்தப்பட்டனர். ஒருவரைத் துன்புறுத்திய சட்டமே அவர் பெயரைக் காத்து வைத்தது என்பது வரலாற்றின் முரண். இரண்டாவது, ஊரில் தங்கிவிட்ட உடன்பிறந்தாரின் வழி. வந்தவர்க்கு நிலம் இல்லாவிடினும், அங்கிருந்த அண்ணனோ மாமனோ சிறு துண்டு நிலம் வைத்திருந்திருக்கலாம். பயணத்துக்கு முன் எழுதிய அடமானப் பத்திரம் பதிவகத்தில் இருக்கலாம். இவற்றோடு தோட்டத்துச் செக்ரோல், தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கோயிற் கணக்கு, இடுகாட்டுப் பதிவு ஆகியவற்றையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தம் பெற்றோரின் பிறப்பையும் இருப்பையும் மெய்ப்பிக்க வேண்டியவராகும்போது, இத்தாள்கள் வரலாற்றுப் பொருள்கள் மட்டும் அல்ல, வாழ்வுக்கான சான்றுகளுமாகின்றன.

7. இன்று செய்ய வேண்டியது

பினாங்கில் பழைய பத்திரமுறை நீங்கி, 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பதிவுரிமை முறை வந்தது. புதிய பட்டாவில் இன்றைய உரிமையாளர் தெரிவர். அவர்க்கு முன்னிருந்தோரின் சங்கிலி தெரியாது. பழைய பத்திரமோ முன்னுரையிலேயே, இந்நிலத்தை இன்னார் இன்னாரிடமிருந்து இவ்வாண்டில் பெற்றார் என வரிசையாகச் சொல்லிச் செல்லும். புதிய பட்டா வந்தபின் பழைய கட்டுக்குச் சட்டப்பயன் இல்லை எனக் கருதி அதை எறிந்துவிடுவோர் பலர். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுற்றபின் ஜார்ஜ்டவுனின் உட்தெருக்களிலிருந்து பல குடும்பங்கள் வெளியேறின. வீடு மாறும்போது முதலில் கைவிடப்படுவது பழந்தாள்தான். 2008இல் உலக மரபுடைமை நகரமாக அறிவிக்கப்பட்ட இந்நகரில் சுவர்கள் காக்கப்படுகின்றன. அச்சுவர்களுக்குள் வாழ்ந்தோரின் தாள்களும் காக்கப்பட வேண்டும்.

ஆசிரியர்க்கு ஒரு முறை பரிந்துரைக்கலாம். குடும்ப மரத்தைப் பெயரிலிருந்து தொடங்காமல் ஓர் இடத்திலிருந்து தொடங்கச் செய்க. ஒரு வீடு, ஒரு தோட்ட வரிசை, ஊரில் ஒரு வயல் எதுவாயினும் ஆகுக. அவ்விடத்தில் யார் யார் இருந்தனர் என மூத்தோரிடம் கேட்டு எழுதச் செய்க. பெயரை அவர்கள் ஒலித்தவாறே தமிழில் எழுதி, அடையாள அட்டையில் உள்ள எழுத்தையும் அருகில் குறிக்கச் செய்க. வீட்டிலுள்ள பத்திரங்களை எறியாமல், மடிப்பைப் பிரித்துப் படமெடுத்து, நிலக்கொடை எண், மனை எண், ஆண்டு, எல்லை, சாட்சி, கையொப்பம் ஆகிய ஆறையும் தனித்தாளில் எழுதச் செய்க. பெயர், நிலம், உறவு என்னும் மூன்றும் பொருந்தினாலன்றி எவரையும் மரத்தில் ஏற்றலாகாது. இரண்டு மட்டும் பொருந்தினால் புள்ளிக்கோட்டால் இணைத்து வைக்கலாம். மூன்றாவது சான்றை அம்மாணவனின் பெயரன் ஒருநாள் காணக்கூடும். அவன் காணவேண்டுமாயின், இன்று நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் தாள் அன்றும் இருத்தல் வேண்டும்.